கையில் குச்சி இருந்த வருடங்கள்

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைச் சுற்றி ஆட்கள் ஓடியது நினைவிருக்கிறது. பிறகு எதுவும் நினைவில்லை. கண் திறந்தபோது யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தம் ஒரு குழாய் வழியாக என் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நடையில் தரையில் உட்கார்ந்திருந்த என் மாமியார், நர்சுகள் ரத்தப் பையை எடுத்துப் போகும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று அந்தப் பையைக் கும்பிட்டாராம். இதை என் கணவர்தான் பின்னால் சொன்னார். மாமியார் சொன்னதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். மூன்று பிள்ளைகள் போதும், இன்னொன்று என்றால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்றார். ஆப்பரேஷன் செய்துகொள்ளும் பேச்சும் வந்தது. அப்போதுதான் பிழைத்து எழுந்தவள் நான். ஆப்பரேஷன் என்றதும் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர், "வேற ஏதாச்சும் இருக்கா டாக்டர்?" என்று கேட்டார். அப்படித்தான் என் கைக்குள் குச்சி வந்தது.

எங்கள் தோட்டம் மந்தின் டவுனிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருந்தது. செம்பனைத் தோட்டம். பேறுகால நாட்கள் கழிந்ததும் டவுனில் இருந்த அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த மலாய்க்கார மிஸ்ஸி நல்லவர். நர்சை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்லுவோம். அவர் ஒரு படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். தீக்குச்சி அளவில் ஒரு மெல்லிய குழாய், முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் வைப்பார்கள், சில வருடங்களுக்குப் பிள்ளை தங்காது. ரத்தம் முன்போல ஒழுங்காக வராது, சிலருக்கு வராமலே போகும், சிலருக்கு விட்டுவிட்டு வரும், தொந்தரவாக இருந்தால் வந்து சொல்லுங்கள் என்றார். நான் "ஃபஹாம், மிஸ்ஸி" என்றேன். புரிந்தது என்று அர்த்தம். பள்ளிக்கூட நாளிலிருந்தே புரிந்தாலும் புரியாவிட்டாலும் நான் சொல்லுகிற பதில் அது. விட்டுவிட்டு என்றால் எப்படி, எத்தனை நாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மாமியாரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. அவர் இளவயதில் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தபோது, கூட இருந்த ஒரு பெண் பிள்ளை வேண்டாமென்று ஊசி போட்டுக்கொண்டு இளைத்துப் போனாளாம். அந்தக் கதையை அவர் அடிக்கடி சொல்லுவார். அதைக் கேட்ட பிறகு, நானும் ஒன்று வைத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? தவிர, எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுகளை யாரும் சத்தமாகப் பேசியதில்லை. "நீயா சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று கணவர் சொல்லிவிட்டார். அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டினார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

முதலில் கொஞ்ச காலம் ஒன்றும் இல்லை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் மறுபடி வேலைக்கு இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் அது மாதவிலக்கு என்றே நினைத்தேன். நின்றது. தலைக்குக் குளித்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. பழுப்பாக ஒரு சொட்டு, மறுநாள் ஒன்றும் இல்லை, அதற்கு மறுநாள் வழக்கம்போல. அடிவயிற்றில் வலிகூட இருக்காது. வலி இருந்தால் வரப்போகிறது என்றாவது தெரியும். இது சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும்.

எனக்கு உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. குலை வெட்டுகிற ஆட்கள் முன்னால் போவார்கள். கீழே சிதறிக் கிடக்கும் பழங்களை நாங்கள் பின்னால் போய்ப் பொறுக்கிச் சாக்கில் கட்டிப் பாதையோரம் வைக்க வேண்டும். நாள் முழுவதும் குனிந்தே நிற்கிற வேலை. செம்பனைக் காட்டில் கக்கூஸ் கிடையாது. அவசரமென்றால் ஒரு பெண்ணைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்குப் பின்னால் போவோம். மாதத்தில் சில நாள் என்றால் அதையெல்லாம் சமாளித்துவிடலாம். எப்போதுமே என்றால்?

கணவருடைய பழைய கறுப்புக் கால்சட்டையை உள்ளே போட்டு, அதன் மேல் கைலி கட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுப் பையின் அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பேட், மாற்று உள்ளாடை, கழுவிக்கொள்ள ஒரு போத்தல் தண்ணீர். மாற்றியதைக் காட்டில் போட முடியாது. பன்றி கிளறிவிடும், பின்னால் வருகிற ஆள் பார்த்துவிடும். அதனால் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் முடிந்து, சாப்பாட்டுப் பையிலேயே வீட்டுக்கு எடுத்து வருவேன். ரத்தம் இல்லாத நாளிலும் பேட் வைத்துக்கொண்டேதான் போனேன். அந்த வெயிலில் தொடை இடுக்கெல்லாம் உரசிப் புண்ணாகிவிட்டது. மருந்தென்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டேன்.

உடம்புக் கஷ்டத்தைவிட பயம்தான் பெரிது. ஒவ்வொரு தடவை ரத்தத்தைப் பார்க்கும்போதும் ஆஸ்பத்திரி நினைவு வரும். இது நிற்காமலே போய்விடுமோ என்று தோன்றும். குச்சியை எடுத்துவிடலாம் என்று நினைப்பேன். எடுத்த பிறகு மறுபடி வயிற்றில் உண்டாகிவிட்டால்? அப்போதும் முடிவது ரத்தத்தில்தான். இப்படி நினைத்து நினைத்து, போக வேண்டிய கிளினிக்குக்குப் போகாமலே நாளைக் கடத்தினேன்.

எங்கள் லயம் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசை. அதில் எல்லா வீட்டு முன்சுவரிலும் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சாமி மாடம் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் விளக்கு வைப்போம். எங்கள் வீட்டு மாடம் கொஞ்சம் உயரம். மாமியாருக்கு முழங்கால் வலி என்பதால் விளக்கு என் பொறுப்பு. எனக்கு விலக்கு நாட்கள் வந்தால் மட்டும் அவர் முக்காலியில் ஏறி வைப்பார். எல்லா வீட்டிலும் இந்த ஏற்பாடுதான். ஆகவே யாருக்கு எப்போது என்று லயத்துப் பெண்கள் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. விளக்கு வைப்பது யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, நின்றுவிட்டது என்று நம்பித் தலைக்குக் குளித்து விளக்கு வைத்தேன். வைத்துவிட்டு உள்ளே போனால் மறுபடி ரத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரிய தப்புச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. அதன் பிறகு விளக்குப் பக்கமே போகவில்லை. மாமியார் தினமும் முக்காலியில் ஏறினார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சாயங்காலம் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம். அக்கா நீலாய் டவுனில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தார். சின்னக் காரை அவரே ஓட்டிக்கொண்டு போய் வருவார். லயத்தில் எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"இந்தா தங்கச்சி, திருக்கைக் கருவாடு. பசார்ல நல்லதா இருந்திச்சு, ஒனக்குன்னு வாங்குனேன்."

"எனக்கு எதுக்குக்கா?"

"ஒடம்பு தேறணும்லா. மனசப் போட்டு ஒழப்பிக்காத, என்ன? எனக்கும் ரெண்டாவதுக்கு முன்ன ஒண்ணு இப்பிடித்தான் நிக்காமப் போச்சு."

திருக்கைக் கருவாடு எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. அக்கா என் தலையைத் தடவிவிட்டுப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கரு கலைந்துவிட்டது என்று லயமே நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை விட்டு வந்தபோது வீடு முழுவதும் மிளகும் பூண்டும் மணத்தது. மாமியார் கம்பத்து நாட்டுக்கோழி அடித்து, நல்லெண்ணெய் ஊற்றிக் குழம்பு வைத்திருந்தார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "மீதி வைக்காமச் சாப்புடு. எலும்பையும் கடிச்சிச் சாப்புடு."

சொல்லிவிட வேண்டிய இடம் அது. நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். "என்னா, காரமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

கணவர் லாரியை நிறுத்திவிட்டு வந்ததுதான் தாமதம், மாமியார் பிடித்துக்கொண்டார்.

"வா ராஜா, வா. கைகாலக் கழுவிட்டு வா. ஒனக்கு வெளிய பாய் போட்டிருக்கேன். இனிமே அங்கதான் ஒனக்குப் படுக்க."

"எதுக்குமா? உள்ள மூட்டப்பூச்சியா?"

"மூட்டப்பூச்சி நீதாண்டா! கைப்புள்ள இன்னும் தவழக்கூட இல்ல. டாக்டரு ஒன்னயக் கூப்புட்டுச் சொன்னாரா இல்லியா? காதுல பஞ்சு வச்சிருந்தியா? அவ ஆஸ்பத்திரில பொணமாட்டம் கெடந்தத நீ பாக்கல? நான் பாத்தேன்டா!"

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு "சரிமா" என்று சொல்லிவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து வீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அண்ணே, கொசுவத்தி வேணுமாண்ணே?"

"ஒரு டப்பாவாக் குடும்மா!" என்று மாமியாரே பதில் சொன்னார்.

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிற்கும்போது குலை வெட்டுகிற ஆட்கள் கணவரைப் பிடித்துக்கொண்டார்கள். "என்னா தலைவரே, வீட்டுக்கே ஜாகாவா வேல பாக்குறீங்களாம்? சம்பளம் எவ்ளோ?" என்று ஒருவர் கேட்டார். ஜாகா என்றால் காவல்காரன். எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூடச் சிரித்தார். கணவரும் சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிவிட்டார். எனக்குத்தான் முகம் எரிந்தது. செய்யாத தப்புக்கு அவர் வாங்குகிற பேச்சு அது. ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும். ஆனால் சொன்னால் மாமியார் குச்சியை எடுக்கச் சொல்லுவார். அவர் எடுக்கச் சொல்லி நான் மறுத்துப் பேசுவதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் ஒன்றையும் மறுத்துப் பேசியதில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து பின்வாசல் வழியாக வந்தேன். மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்தை வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் வந்ததைப் பார்க்கவில்லை. குழந்தையிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"தம்பியா தங்கச்சியான்னுகூடத் தெரியாமப் போச்சேடா ஒனக்கு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இல்லாத ஒரு பிள்ளைக்காக அவர் அழுவதா? பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தை, புள்ள எதும் போவல. உண்டாவவே இல்ல."

"என்னாடி சொல்ற?"

என் இடது கையை நீட்டி, அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். தோலுக்கு அடியில் குச்சி நகர்ந்தது. சூடான சட்டியைத் தொட்ட மாதிரி அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"என்னாது இது? என்னாடி இது, குச்சி கணக்கா?"

சொன்னேன். டாக்டர் சொன்னது, மிஸ்ஸி வைத்தது, ரத்தம் விட்டுவிட்டு வருவது, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எம் மவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கணவர் வந்ததும் மாமியார் அவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "ஏன்டா, இத்தன நாளு நான் பேசுறேன், பாய் போடுறேன், நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நீங்க எங்கமா தொறக்க விட்டீங்க?"

அக்கா வீட்டுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, நான் பயந்த அதே சொல்லைச் சொன்னார்.

"எடுத்துரு. நாளைக்கே போயி எடுத்துரு."

"எடுத்தா மறுபடியும்..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒனக்குக் கொஞ்ச ரத்தமா போச்சு? எவன் எவன் பெத்த புள்ள குடுத்த ரத்தமோ, ஏத்தி ஒன்னயப் பொழைக்க வச்சாங்க. அது அத்தனயும் இப்ப சொட்டு சொட்டா வெளிய போவுதே, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

அவர் கோபத்தில் பேசவில்லை. பயத்தில் பேசினார். எனக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும் இருந்தது. ஆனால் குச்சியை எடுத்தால்தான் நான் பிழைப்பேன் என்று அவர் நினைத்தார். அது இருந்தால்தான் பிழைப்பேன் என்று நான் நினைத்தேன்.

அந்த வாரமே கிளினிக்குக்குப் போனோம். அக்காவுக்கு லீவு நாள், காரில் கொண்டு போய் விடுவதாகச் சொன்னார். மாமியார் முன்னால் உட்கார்ந்தார், நான் குழந்தையோடு பின்னால்.

"ஆனாலும் தங்கச்சி, நீ எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்" என்று அக்கா ஆரம்பித்தார். "எனக்கு ஊசிலா. மூணு மாசத்துக்கு ஒருக்கா. எனக்கு வர்றதே இல்ல."

மாமியார் சடாரென்று திரும்பினார். "வராமலே இருக்குமா? அப்ப அதெல்லாம் எங்க போவும்?"

"எங்கயும் போவாதுத்த. உள்ள சேந்தாத்தான வெளிய வர்றதுக்கு? சேரவே சேராதுன்னு மிஸ்ஸி சொன்னாங்க."

"எத்தன வருசமா?"

"ஆச்சு, அஞ்சாறு வருசம்."

மாமியார் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அக்கா கொஞ்சம் பருமன். "இளைக்கலியே நீ" என்றார்.

"எங்க எளைக்கிறது அத்த? எளைக்கட்டும்னுதான் நானும் பாக்குறேன்." அக்கா ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். "நாங்க வெளக்கு வைக்கிறதில்ல பாருங்க, அதான் வருதா வரலியான்னு ஒங்க யாருக்கும் தெரியல."

மாமியார் அதன் பிறகு மந்தின் வரும் வரைக்கும் எதையோ யோசித்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்கும் அதே மிஸ்ஸிதான். என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் மாமியார் தோட்டத்து மலாயில், "புவாங், மிஸ்ஸி, புவாங்" என்று என் கையைக் காட்டினார். எடுத்துப் போடச் சொல்கிறார். மிஸ்ஸி சிரித்துக்கொண்டே, "நீங்கள் உட்காருங்கள் அம்மா, அவர் சொல்லட்டும்" என்றார்.

மிஸ்ஸி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தபடி இருந்தார். அவசரப்படுத்தவில்லை. வழக்கமான "ஃபஹாம்" இங்கே உதவாது. எனக்குத் தெரிந்த மலாயில், இடையிடையே தமிழும் கலந்து, சொன்னேன். எப்போது வரும் என்று தெரியவில்லை. காட்டில் கக்கூஸ் இல்லை. பேட் வைத்து வைத்துத் தொடை புண்ணாகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் செத்துப் போவேனோ என்று பயமாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது என் வாயிலிருந்து வரும் என்று நானே நினைக்கவில்லை.

மிஸ்ஸி நிறையக் கேள்வி கேட்டார். எவ்வளவு நனைகிறது, கட்டி கட்டியாக வருகிறதா, தலை சுற்றுகிறதா, கணவரோடு சேர்ந்த பிறகு வருகிறதா. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க நான் அதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் மாமியார் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். வயிற்றில் எதுவும் இல்லை. விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை என்றார்கள்.

பிறகு ஒரு சீன டாக்டரம்மா பார்த்தார். நிதானமாக மலாய் பேசுபவர். பிரசவத்தில் போன ரத்தம் வேறு, இது வேறு என்றார். இந்த மருந்து கருப்பையின் உள்பக்கத்தை மெலிசாக்கி வைக்கிறது, மெலிசான இடம் அங்கங்கே கசிகிறது, பார்வைக்கு நிறைய மாதிரி இருந்தாலும் அளவில் கொஞ்சம்தான், நிறையப் பேருக்கு நாள் போகப் போகக் குறைந்துவிடும், சிலருக்குக் குறையாமலும் இருக்கும் என்றார். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, காய்ச்சலோடு வயிறு வலித்தாலோ காத்திருக்காமல் உடனே வர வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேனா என்று கேட்டுவிட்டு, கசிவைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரையும், ரத்தம் ஊற ஒரு மாத்திரையும் எழுதினார். எடுக்க வேண்டுமென்றால் இன்றைக்கே எடுக்கலாம், அது உங்கள் விருப்பம், ஆனால் எடுத்த உடனே பிள்ளை தங்கலாம், அதற்கு வேறு வழி யோசித்துக்கொண்டு எடுங்கள் என்றார்.

நான் மாமியாருக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார்.

"கேளு அவங்கள. இது மாசா மாசம் வருதே அந்த ரத்தமா, இல்ல மருந்தால வர்றதா?"

கேட்டேன். மருந்தால் வருவது என்றார் டாக்டரம்மா.

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன் அத்தை."

"அப்ப சரி." மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கையில கத்தி பட்டா ரத்தம் வருது, அதுக்கு நம்ம விலகியா இருக்கோம்? மருந்தால வர்றது தீட்டுல சேராது. சாமிக்கு அது தெரியாமயா இருக்கும்?"

டாக்டரம்மா அவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். எனக்கு அதை மலாயில் சொல்லத் தெரியவில்லை. வேறொன்றைச் சொன்னேன். "தா மாவு புவாங், டாக்டர்." எடுக்க வேண்டாம்.

அதை மாமியாரைப் பார்க்காமல்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கு அந்த அளவு மலாய் நன்றாகவே தெரியும். அவர் டாக்டரம்மாவைப் பார்த்து, மருமகள் காட்டில் வேலை செய்கிறாள், அங்கே கக்கூஸ் இல்லை, ஸ்டோருக்குப் பக்கத்தில் நாற்றுமேட்டில் வேலைக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் தர முடியுமா என்று தன் மலாயில் கேட்டார். டாக்டரம்மா தருகிறேன் என்றார்.

கடிதம் கிடைத்தது. ஆனால் மண்டோரிடம் அதைக் கொடுக்கும் தைரியம் எனக்கு வர இன்னும் ஒரு வாரம் ஆனது. அவர் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பெயரை மாற்றினார். நாற்றுமேட்டில் பைகளுக்கு மண் நிரப்புவதும் தண்ணீர் ஊற்றுவதும்தான் வேலை. பக்கத்திலேயே குழாயும் கக்கூசும் இருந்தன. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு போட்டுக் கட்டிக்கொள்வோம்.

மாத்திரை சாப்பிட்டபோது நின்றது. முடிந்ததும் கொஞ்ச நாளில் மறுபடி வந்தது, ஆனால் முன்போல இல்லை. மறுபடி கிளினிக்குக்குப் போனேன், மறுபடி மாத்திரை தந்தார்கள். சில மாதம் சும்மா இருக்கும், சில மாதம் வேலையைக் காட்டும். மருந்தால் வருவது தீட்டில்லை என்ற தன் சட்டத்தை மாமியார் லயத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ஆனாலும் ரத்தம் இருக்கும் நாளில் விளக்கைத் தொட எனக்குக் கை கூசத்தான் செய்தது. நான் தயங்குவதைப் பார்த்தால், "டாக்டரம்மா சொல்லியாச்சு, நான் சொல்லியாச்சு, இன்னும் யாரு வந்து சொல்லணும் ஒனக்கு?" என்பார். அவர் பேச்சுக்குப் பயந்துதான் ரொம்ப நாள் வைத்தேன். அவருக்கு இருந்த தெளிவு எனக்கு வர நாளாயிற்று.

குச்சியின் காலம் முடிந்தபோது தனியாகத்தான் போனேன். பழைய மிஸ்ஸி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் பழையதை எடுத்துவிட்டு, இன்னொன்று வேண்டுமா, வேறு ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டார். ரத்தம் எப்படி இருந்தது என்று முழுவதும் சொல்லிவிட்டு, இன்னொன்று வையுங்கள் என்றேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆகவில்லை.

இரண்டாவது குச்சிக்கு என் உடம்பு வேறு மாதிரி பழகிக்கொண்டது. ரத்தம் வருவதே நின்றுபோனது. ஒரு மாதம் இல்லை, அடுத்த மாதமும் இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். மாமியாருக்குத்தான், வயிற்றில் உண்டாகிவிட்டதோ என்று நிம்மதி போயிற்று. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசல் வரைக்கும் பின்னாலேயே வருவார்.

"இந்த மாசமும் ஒண்ணும் இல்லியா?"

"இல்ல அத்தை."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் அத்தை."

"எதுக்கும் மிஸ்ஸிக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க" என்பார். கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போவேன்.